தெரிந்ததற்குக் கிரெடிட் இல்லை

பூஜ்யம் என்றால் வெறும் பூஜ்யம்கூட இல்லை. புள்ளி வைத்து அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பூஜ்யம். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காக்கிற தங்கபுஷ்பம் அக்கா, ஆய்வகப் பாடத்தில் கற்றுக்கொண்டது அவ்வளவுதானாம். ஜனவரி மாதம் அறிவிப்புப் பலகையில் பெயர் போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

நான் ஹெப்சிபா. அந்த ஆய்வகத்தில் பாடம் எடுக்கிறவள். புஷ்பக்கா அங்கே லேப் அட்டெண்டர். அதே புஷ்பக்கா எங்கள் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவியும்கூட. நாற்பத்தேழு வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் உட்காரவேண்டும் என்று அவருக்கு ஒன்றும் ஆசை இல்லை. அந்த வருஷ ஜூன் முதல் பட்டம் இல்லாத யாரும் ஆய்வகத்தில் ரசாயனத்தைத் தொடக்கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்பே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பட்டம் வாங்கினால் லேப்பில் இருக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அதற்காகத்தான் மூன்று வருஷமாக விளக்குமாறை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார், நோட்டை வைத்துவிட்டு விளக்குமாறை எடுத்தார்.

பட்டத்துக்கு நூற்று நாற்பது கிரெடிட் வேண்டும். எலக்ட்ரான் சுற்றுவது, சமன்பாடு போடுவது எல்லாம் அக்காவுக்குப் புதிது. அதில் அத்தனை கிரெடிட்டும் சேர்ந்துவிட்டது. ஆய்வகத்துக்கான இருபத்திரண்டில்தான் பூஜ்யம். வருஷத்துக்கு ஒன்று என்று பிச்சை போட்டிருந்தால்கூட இருபத்திரண்டு வந்திருக்கும், சண்டாளர்கள்!

அக்கா யார் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே லேப்பில் மாணவி. முதல் நாள், ஆசிட் இருந்த பீக்கருக்குள் தண்ணீரை ஊற்றப் போனேன். புறங்கையில் பொளேரென்று ஒரு அடி விழுந்தது. "ஏட்டி, மூஞ்சி வெந்துபோகும். தண்ணிக்குள்ளதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தக்கூடாது. எந்தச் சவத்துப் பய ஒனக்குப் பாடம் எடுத்தான்?" என்று கேட்டார் அக்கா. பாடம் எடுத்த பேராசிரியர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அடியை வாங்கியவர் என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேதியியல் படித்தவர்களுக்கு உப்புப் பரிசோதனை தெரியும். செய்முறைத் தேர்வில் எண் மட்டும் ஒட்டிய பாட்டிலில் ஒரு உப்பைக் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். எந்த எண்ணில் எந்த உப்பு என்பது அட்டெண்டருக்குத் தெரியும். அதனால் தேர்வு நாளில் எல்லாப் பிள்ளைகளும் அட்டெண்டர் பின்னாலேயே சுற்றும். "அக்கா, அக்கா, என் உப்பு எதுன்னு மட்டும் சொல்லிருங்கக்கா." இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஒருத்தருக்கும் சொன்னதில்லை. "மூக்குன்னு ஒண்ணு வச்சிருக்கியே, அது எதுக்கு? மூக்குத்தி போடவா?" என்பார். நாமும் மோந்து பார்ப்போம், பாதி விடை வந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வருஷம் எவனோ உப்புப் பட்டியலைப் போட்டோ எடுத்துப் பரப்பிவிட, தேர்வே ரத்தானது. அதிலிருந்து பட்டியலை எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அறுபத்திமூன்று பாட்டில்களையும் அக்கா மாற்றி நிரப்புவார். விடை அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். தேர்வு முடிந்ததும் வெளித்தேர்வாளரிடம் ஒப்பிப்பார், ஒரு எண் தவறியதில்லை.

இவருக்குத்தான் பூஜ்யம். நேரே கிரெடிட் டீன் பால்வண்ணன் அறைக்குப் போனேன்.

"உக்காருங்க ஹெப்சிபா. தண்ணி குடிக்கியளா?"

"தண்ணி கெடக்கட்டும் சார். போன வருஷச் செய்முறையில தொண்ணூத்தாறு மார்க் எடுத்த பொம்பளைக்கு எப்படி சார் பூஜ்யம் வரும்?"

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மார்க் என்ன சொல்லுது? அவங்களுக்குத் தெரியும்னு சொல்லுது. கிரெடிட் என்ன சொல்லுது? இங்க வந்து எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு சொல்லுது. ரெண்டும் வேற. பிள்ளைங்க நெத்தியில கட்டுத பட்டை வகுப்புக்கு முன்னாடி ஒருதடவ மூளையப் படிக்குது, முடிஞ்ச பெறகு ஒருதடவ படிக்குது. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் கிரெடிட். அந்தம்மாவுக்குக் காலைல உள்ள வரும்போது என்ன தெரியுமோ அதேதான் வெளிய போகும்போதும் தெரியுது. நாம ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. எதுக்குக் கிரெடிட் குடுக்க?"

"சொல்லிக் குடுக்க வேண்டிய ஆளே அவங்கதான் சார்!"

"அது வேலை. படிப்பு இல்ல." விரலால் மேஜையைத் தட்டினார். "பழைய முறை மறந்து போச்சா ஹெப்சிபா? வாரத்துக்கு ஒரு மணி நேரம், பதினஞ்சு வாரம் பெஞ்சத் தேச்சா ஒரு கிரெடிட். தூங்கினாலும் கிரெடிட். கூட்டத்துல எந்திரிச்சி, 'அப்பம் பட்டத்தப் பெஞ்சுக்கே குடுத்துருங்க'ன்னு பேசினது யாரு? நீங்கதான? நாங்கல்லாம் கை தட்டினோமே."

பேசியது நான்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த நெற்றிப்பட்டை வேண்டும் என்று முதலில் கை தூக்கியவளும் நான்தான். குறட்டை விடுகிறவனுக்கும் கிரெடிட், குனிந்து எழுதுகிறவளுக்கும் அதே கிரெடிட் என்பது பொறுக்காமல் தூக்கினேன். கற்றுக்கொண்டதை மட்டும் அளக்கலாம் என்றபோது அது எவ்வளவு நியாயமாகக் கேட்டது தெரியுமா? ஏற்கெனவே கற்றவளை இந்தப் பட்டை என்ன செய்யும் என்று ஒருத்திக்கும் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கல்லூரிக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒன்றும் தெரியாமல்தான் வருவார்கள் என்ற நினைப்பு எங்களுக்கு.

"கவலப்படாதிய," என்றார் டீன். "விதி பதினாலு இருக்குல்லா? முன்னறிவுத் தளர்த்தல். மூணு நாள் போதும். தெரிஞ்சத லேசாத் தளர்த்தி விட்டுருவாங்க. பெறகு புதுசாப் படிக்கட்டும். இருபத்திரண்டு என்ன, முப்பதே வரும்."

தளர்த்தல் என்பது அலுவலகப் பெயர். பிள்ளைகள் அதை ரப்பர் ரூம் என்பார்கள். டியூஷனில் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கிரெடிட் வராமல் அங்கே போய் அழித்துவிட்டு வந்து உட்காரும். போன வருஷம் தங்கப் பதக்கம் வாங்கியவன் ஒரே பாடத்தை மூன்று தடவை அழித்து மூன்று தடவை படித்தவன். அவனுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரு பாடம் இல்ல சார். இருபத்திரண்டு வருஷம்."

"அப்பம் இருபத்திரண்டு வருஷத்தையும் தளர்த்தணும்," என்றார், சட்டையைச் சலவைக்குப் போடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

நான் லேப்புக்குப் போனபோது அக்கா டெஸ்ட் டியூப்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். ஆள் இல்லாவிட்டால் ஏட்டிதான்.

"ஏட்டி ஹெப்சி, என்ன மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு? யாரக் கடிச்சிட்டு வார?"

சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"அப்பம் லேப்ல இருக்கணும்னா லேப்ப மறக்கணும். அப்படித்தான?"

"அப்படித்தான்க்கா. நீங்க போகாதிய. நான் கேஸ் போடுதேன். பத்திரிகைக்கு எழுதுதேன். கூட்டத்துல எந்திரிச்சிக் கத்துதேன்."

"நீ கத்துவ. ஜூன் மாசம் வந்துரும். கேஸு நடந்துக்கிட்டே இருக்கும், நான் வீட்டுல உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டு இருப்பேன்." ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "எனக்கு இத விட்டா என்னட்டி தெரியும்? மக கல்யாணம் முடிஞ்சி போயிட்டா. அவரும் போய்ச் சேந்துட்டாரு. காலைல இந்தக் கதவத் தெறந்து உள்ள வந்து அந்த வாசம் அடிச்சாத்தான் எனக்கு விடியும். இங்கேருந்து போகச் சொல்லாத."

"அதுக்காக மறக்கவா செய்யிய?"

"திரும்பப் படிச்சா வந்துரும்லா? நீதான சொல்லிக் குடுக்கப் போற? ஒனக்கு நான் சொல்லிக் குடுத்ததத்தான நீ எனக்குச் சொல்லுவ. அப்பம் எல்லாம் வீட்டுக்குள்ளயேதான இருக்கு, எங்கன போயிரும்?"

இப்போது யோசித்தால் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம், காலில்கூட விழுந்திருக்கலாம். நான் செய்ததெல்லாம், "சரிக்கா" என்றதுதான்.

தளர்த்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா என்னை லேப்புக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு உப்பு அலமாரி முன்னால் நிறுத்தினார்.

"இந்த வருஷத்து உப்ப ஒன்கிட்ட ஒப்படைக்கேன். எழுதாத. எங்க தெரு வழியா நடந்து போற மாதிரி மனசுல போட்டுக்கோ. நான் அப்படித்தான் வச்சிருக்கேன். பாட்டில் நம்பர்தான் வீட்டு நம்பர். ஒண்ணாம் நம்பர் வீடு ரோசம்மா. எப்பம் பாத்தாலும் நீலச் சேல. காப்பர் சல்பேட்டு. ஏழாம் நம்பர் மாசானம் வீடு. கூவம் மாதிரி ஒரு வாய்க்கால் வாசல்லயே போகும், அழுகின முட்ட நாத்தம். ஜிங்க் சல்ஃபைடு. பதினஞ்சு, கோவப்பட்டா மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிரும் ஒரு வாத்தியாரு. ஸ்ட்ரான்ஷியம். தீயில காட்டினா அப்படித்தான செவக்கும்? நாப்பத்தொண்ணு ஜெயசீலி. அவ வீட்டுக்குப் போனா நாமளும் கண்ணக் கசக்கிட்டுத்தான் வரணும், அப்படி அழுவா."

"அமோனியம் கார்பனேட்," என்றேன்.

"பாத்தியா, கெட்டிக்காரி."

அறுபத்திமூன்று வீட்டுக்கும் கூட்டிப் போனார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை ஒப்பித்துக் காட்டிய பிறகுதான் கதவைத் திறந்தார்.

ரப்பர் ரூமில் ஏசி நன்றாக இருக்கும். ஒரு சின்னப் பெண் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். பியூரெட், பிப்பெட், புன்சன் அடுப்பு, உப்பு அலமாரி. ஒவ்வொன்றையும் பார்த்ததும் அக்கா நெற்றியில் இருந்த பட்டை பச்சையாக எரிந்தது. பிறகு மெல்ல அணைந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து ஒருதடவை கண்ணைச் சிமிட்டினார். அது முதல் நாள் காலை பத்து மணிக்கு.

மூன்றாம் நாள் வெளியே வந்தபோது வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"காப்பி குடிப்போமாக்கா?"

"சரி மேடம்," என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. புது வாத்தியாரம்மாவிடம் பேசுகிற பயமும் மரியாதையும் அதில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். மகள் பெயர் தெரிகிறது, வீட்டுக்குப் போகிற பஸ் தெரிகிறது, மூன்று வருஷம் படித்த எலக்ட்ரான் தெரிகிறது. என்னை இந்த வருஷத்து வகுப்பில்தான் தெரிகிறது. கையில் அடி வாங்கின ஹெப்சியைத் தெரியவில்லை.

ஓடிப்போய் அந்தச் சின்னப் பெண்ணைப் பிடித்தேன். "லேப் பாடத்த மட்டுந்தான தளர்த்துவோம்னு சொன்னிய?"

"லேப் மட்டுந்தான் மேடம். ஆனா யார்கூட அதப் பேசினாங்களோ அவங்களும் அதோட சேந்துதான இருப்பாங்க? தனியாப் பிரிக்க முடியாது. ஃபாரத்துல ஒன்பதாம் பக்கம் போட்டுருக்கு. அவங்க கையெழுத்துப் போட்டுருக்காங்க."

ஒன்பதாம் பக்கம்! அந்த ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவளே நான்தான். நான் ஐந்தாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுவாரத்திலிருந்து அக்காவுக்கு நான் ஆய்வகம் கற்றுக் கொடுத்தேன். முதல் நாளே அவர் ஆசிட் பீக்கருக்குள் தண்ணீரை ஊற்றப் போனார். பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தேன். அடிக்கத்தான் வேண்டும். என்னால் அடிக்க முடியவில்லை. "தண்ணிக்குள்ளதான்க்கா ஆசிட்ட ஊத்தணும்," என்றேன். "ஓஹோ!" என்று கண்ணை விரித்தார். நெற்றிப்பட்டை டிங் என்றது. கிரெடிட் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே டிங் டிங்தான். அக்கா டெஸ்ட் டியூபைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சூடாக்கினார், திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், டிங். வடிதாளை மடிக்கத் தெரியாமல் விழித்தார், மடித்துக் காட்டினேன், டிங். ஏப்ரலுக்குள் இருபத்திரண்டும் நிரம்பிவிட்டது. டீன் அந்த வளைகோட்டைப் பெரிய திரையில் போட்டு, "ஒரு மூத்த மாணவியின் சாதனை" என்று எல்லாத் துறைக்கும் காட்டினார். கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. வெளித்தேர்வாளர் மதுரையிலிருந்து வந்த ஒரு கண்டிப்பான அம்மாள். அறுபத்திமூன்று பேரும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பாட்டில் எடுத்தார்கள். இந்தத் தேர்வில் தேறினால்தான் கிரெடிட் கணக்கு முடியும். தேர்வு தள்ளிப்போனால் அடுத்தது டிசம்பரில்தான். அதற்குள் ஜூன் வந்துவிடும், லேப் கதவு அக்காவுக்கு மூடிவிடும்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். என் முழங்கையை யாரோ தொட்டார்கள். அக்கா. கையில் நாற்பத்தொன்றாம் எண் பாட்டில். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"மேடம், மேடம். என் உப்பு எதுன்னு மட்டும் சொல்லிருங்களேன். புண்ணியமாப் போகும்."

ஆண்டவரே! இருபத்திரண்டு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாத வாய் என்னிடம் கேட்கிறது. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தேன். அப்புறம் அவருடைய வார்த்தையையே அவருக்குக் கொடுத்தேன்.

"மூக்குன்னு ஒண்ணு வச்சிருக்கியளே, அது எதுக்குக்கா? மூக்குத்தி போடவா?"

முகம் சுருங்கிப்போய் இடத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதையும், கண்ணைக் கசக்கிக்கொண்டே வேகவேகமாக எழுதுவதையும் பார்த்தேன்.

தேர்வு முடிந்து விடைத்தாள்களை அடுக்கியதும் மதுரை அம்மாள் கை நீட்டினார். "உப்புப் பட்டியல குடுங்க. திருத்தணும்."

எல்லோரும் பழக்க தோஷத்தில் புஷ்பக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அக்காவும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் துறைத் தலைவருக்கு உறைத்தது, வேர்த்துக் கொட்டியது. டீனுக்குப் போன் பறந்தது. அவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து அக்கா முன்னால் நின்றார்.

"தங்கபுஷ்பம்மா, டிசம்பர்ல நீங்கதான பாட்டில் நிரப்புனீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"நானா சார்?" அக்கா நிஜமாகவே பயந்துபோனார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே சார். அதான் தளர்த்தியாச்சே. நீங்கதான செய்யச் சொன்னிய?"

"பட்டியல் இல்லேன்னா தேர்வு ரத்து," என்றார் மதுரை அம்மாள். "ஆறு மணி வரைக்கும் பாப்பேன்."

"எனக்குத் தெரியும் சார்," என்றேன்.

டீன் முகத்தில் உயிர் வந்தது. "அப்பாடா! சொல்லுங்க ஹெப்சிபா, சொல்லுங்க."

"எதுக்குச் சொல்லணும்? எனக்கு அது ஏற்கெனவே தெரியும். ஏற்கெனவே தெரிஞ்சதுக்கு இங்க மதிப்பு இல்லேன்னு நீங்கதான சொன்னிய? வேணும்னா என்னையும் ரப்பர் ரூமுக்கு அனுப்புங்க. தளர்த்திட்டு வந்து ஒவ்வொரு பாட்டிலாப் புதுசாக் கத்துக்கிட்டுச் சொல்லுதேன். முப்பது கிரெடிட் வரும்."

"இது வெளையாடுத நேரமா? அறுபத்திமூணு பிள்ளைங்க வாழ்க்க!"

"அறுபத்திரெண்டு பிள்ளைங்க. ஒரு அக்கா."

நான் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். "மூணு நாள்ல அந்த மனுஷிய ஒண்ணுந் தெரியாதவளாக்கி, அவளுக்கு ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்து, அதப் படம் போட்டுக் காட்டிக் கை தட்டினிய. இப்பம் ஒரு பட்டியல் இல்லாம மூச்சு முட்டுதா? அவ தலைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இப்பமாவது தெரியுதா சார் ஒங்களுக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், ரத்தாகட்டும் என்று விட்டுவிடத்தான் எனக்கு வெறி. ஆனால் அக்கா பெஞ்சு ஓரத்தில் நின்று, சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தானால் அவர் கொடுத்ததெல்லாம் சும்மா கொடுத்ததாகிவிடும். எழுதாத விடைத்தாள் ஒன்றைக் கிழித்து டீன் முன்னால் போட்டேன். வெளியே கற்று வந்ததற்கும் கிரெடிட் உண்டு, இனி யாரையும் தளர்த்தலுக்கு அனுப்புவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். அதைப் பரிசீலிக்க ஒரு கமிட்டியும் அமைத்தார்கள். அந்தக் கமிட்டி இன்றுவரை ஒருதடவைகூடக் கூடவில்லை, ரப்பர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆறு மணிக்குள் அறுபத்திமூன்றையும் ஒப்பித்தேன். ஒன்று, காப்பர் சல்பேட். ஏழு, ஜிங்க் சல்ஃபைடு. நாற்பத்தொன்று வந்தபோது மதுரை அம்மாள் அக்காவின் தாளைப் பார்த்து, "சரியா எழுதியிருக்காங்க," என்றார்.

அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. ஜூன் முதல் தேதி புது நீலக் கோட்டு, சட்டைப்பையில் "தங்கபுஷ்பம், பி.எஸ்சி." என்று வில்லை. காலையில் எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து உள்ளே நின்று மூச்சை இழுத்தார்.

"இந்த வாசம் நல்லாருக்கு மேடம்," என்றார். "என்னமோ பிடிச்சிருக்கு."

உப்பு அலமாரி சாவியைக் கொடுத்தேன். பட்டியலை எழுதி வைக்கிற வழக்கம் இங்கே இல்லை என்று சொன்னேன். "அப்பம் எப்படி மேடம் ஞாபகம் வச்சிக்கிட?" என்று கேட்டார்.

"ஒரு தெரு வழியா நடந்து போங்க. பாட்டில் நம்பர்தான் வீட்டு நம்பர். ஒண்ணாம் நம்பர் ரோசம்மா வீடு. எப்பம் பாத்தாலும் நீலச் சேல. காப்பர் சல்பேட்டு. ஏழு மாசானம் வீடு. நாப்பத்தொண்ணு ஜெயசீலி, எந்நேரமும் அழுதுக்கிட்டு..."

அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஐயோ மேடம், இது எங்க தெருல்லா! அந்த ஜெயசீலி அப்படியேதான். ஒங்களுக்கு எப்படி எங்க தெரு தெரியும்? யாரு மேடம் இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்க்கா."

"சும்மா கேலி பண்ணாதிய மேடம்." கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒண்ணு ரோசம்மா, ஏழு மாசானம் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "யாரா இருந்தாலும் சரி, அவ பெரிய கெட்டிக்காரி. எத்தன கிரெடிட் வாங்கியிருப்பா மேடம்?"

"பூஜ்யம்," என்றேன்.

அவர் நம்பவில்லை.